சோலைக்கிளி: ஒரு பிழைத் திருத்தப் பதிவு

எழுதி ரொம்ப நாளாயிற்று. போன பதிவு தேய்மானம் பற்றியது. அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியதாக மூன்று பேர் நேரிலேயே சொன்னார்கள். அதனால் இந்த முறை ஒரு குருவியைப் பற்றி எழுதுகிறேன். பி.காம். படிக்கிறவனுக்கும் குருவிக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கணக்குப் புத்தகம் வழியாகத்தான் இந்தக் குருவியின் வரலாறு எனக்குப் புரிந்தது. கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிந்த கையோடு நாங்கள் நாலு பேர் கொடைக்கானல் போயிருந்தோம். திருச்சி வெயிலில் இருந்து தப்பித்தால் போதும் என்பதைத் தவிர வேறு எந்த நோக்கமும் கிடையாது. வட்டக்கானலில் தங்கியிருந்த வீட்டுக்காரர், பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் ஒரு அண்ணனை அறிமுகப்படுத்தினார். மற்ற மூவரும் எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் விடியற்காலை ஐந்தரைக்கு அவருடன் கிளம்பினேன்.

சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. பாசி பிடித்த மரங்கள், காலடியில் ஈரச் சருகு. எங்கிருந்தோ மெல்லிய விசில் மாதிரி ஒரு பாட்டு. அண்ணன் நின்றுவிட்டார்.

"தம்பி, சோலைக்கிளி."

நான் அண்ணாந்து மரக்கிளைகளில் பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துக் கீழே காட்டினார். புதருக்கு அடியில், முழங்கால் உயரம்கூட இல்லாத இடத்தில், கருநீலத்தில் ஒரு சின்னக் குருவி. வயிற்றில் வெள்ளை. நீளமான கால்கள். சருகின் மேல் இரண்டு தத்து தத்தியது, எதையோ கொத்தியது, மறைந்துவிட்டது. மொத்தம் மூன்று விநாடி இருக்கும்.

"இது கிளி இல்லையேண்ணே?"

"கிளி இல்லதான். புக்குல இப்ப அப்படித்தான் போட்டிருக்கு. எங்க பெரியவங்க சும்மா குருவின்னுதான் சொல்லுவாங்க."

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த "இப்ப" என்ற வார்த்தை என்னை விடவில்லை. அப்படியானால் முன்னால் புத்தகத்தில் என்ன போட்டிருந்தது? தேட ஆரம்பித்தேன். கிடைத்தது 170 வருடத்துக்கும் மேல் நீளும் ஒரு கதை.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில், புல்வெளிகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டைக் காடுகளுக்குச் சோலைக்காடு என்று பெயர். அந்தக் காட்டின் தரையிலும் அதை ஒட்டிய புதர்களிலும் வாழும் பறவை இது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். சருகுக்கு அடியில் இருக்கும் பூச்சிகள்தான் சாப்பாடு. மரப்பொந்திலோ மண்மேட்டுப் பொந்திலோ பாசி வைத்துக் கூடு கட்டும். சிறகு சின்னது, அதனால் தூரப் பறப்பது இதன் வேலையே இல்லை. நடுவில் ஒரு பெரிய புல்வெளி வந்தால், இதற்கு அது கடல் மாதிரி. இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாம் இதில் இருந்துதான் வருகிறது.

சரி, இனி கணக்குக்கு வருவோம்.

முதல் பதிவைப் போட்டவர் தாமஸ் ஜெர்டன் (1811-1872). கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் மருத்துவர். வேலை வைத்தியம், ஆசை முழுக்கப் பறவைகள் மேல். 1862 முதல் 1864 வரை அவர் வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' நூல் இன்றும் பேசப்படுகிறது. பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்கு, இந்திப் பெயர்களையும் அதில் கேட்டு எழுதியிருக்கிறார். அவர்தான் 1840களின் தொடக்கத்தில் நீலகிரியில் கிடைத்த நம் குருவிக்கு 'ஃபீனிக்யூரா மேஜர்' என்று பெயர் வைத்தார். ஃபீனிக்யூரா என்றால் கிரேக்கத்தில் செவ்வால். மேஜர் என்றால் பெரியது. அதாவது 'பெரிய செவ்வாலன்'.

வேடிக்கை என்னவென்றால் இந்தப் பறவையின் வால் சிவப்பே கிடையாது, நீலம். நீலகிரிப் பறவைக்கு விலாப்புறம்தான் செம்பழுப்பு. ஐரோப்பாவில் பழக்கப்பட்ட செவ்வாலன்கள் இருந்த தலைப்பின் கீழ் இதையும் எழுதிவிட்டார் மனிதர். குற்றம் சொல்வதற்கில்லை. புதிய வியாபாரம் ஆரம்பிக்கிறவன் முதல் நாள் எல்லாச் செலவையும் 'பலவகைச் செலவு' என்று எழுதுவது போலத்தான். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை. நம் குருவி விஷயத்தில் அந்த 'பிறகு' வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது.

அடுத்த பதிவு பழனி மலையில் இருந்து. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரை வெயிலுக்குப் பயந்து கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும் (நாங்கள் போன அதே காரணம்தான்!). அகமத்நகர் பக்கம் வேலை செய்த சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியாரும் அந்த மலைக்கு வந்தார். அவரும் பறவைப் பைத்தியம். அவர் சேகரித்த ஒரு பறவையை வைத்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த வில்லியம் பிளான்ஃபோர்டு 1860களின் இறுதியில் இன்னொரு பெயரைச் சேர்த்தார்: 'கலீனி ஆல்பிவென்ட்ரிஸ்'. ஆல்பிவென்ட்ரிஸ் என்றால் வெண்வயிறு. வட்டக்கானலில் நான் பார்த்தது இந்த வெண்வயிற்றுக்காரனைத்தான். நீலகிரிப் பறவையின் செம்பழுப்பு விலா இதற்குக் கிடையாது.

ஆக, நீலகிரிக்கு ஒரு பறவை, பழனிக்கு ஒரு பறவை. இரண்டும் தனித்தனிக் கணக்கு. இதுவரை சரி.

பிறகு வந்தவர்கள் இரண்டையும் 'பிராக்கிடெரிக்ஸ்' என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். குட்டைச்சிறகன் என்று அர்த்தம். அந்தப் பேரினம் 1821இல் ஜாவா தீவுப் பறவை ஒன்றை வைத்து உருவாக்கப்பட்டது. தரையில் திரியும், சிறகு குட்டை, நிறம் நீலம், பார்த்தால் சொந்தக்காரன் போலத்தான் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் இன்னொன்றும் நடந்தது. நீலகிரிப் பறவையும் பழனிப் பறவையும் ஒரே இனத்தின் இரண்டு கிளையினங்கள் என்று சேர்த்துவிட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே இனப்பெயர்.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கிளைக் கணக்கு பாடம் நினைவிருக்கிறதா? ஒரு கம்பெனிக்கு ஊட்டி, கொடைக்கானல், திருநெல்வேலி என்று மூன்று கிளைகள். மூன்றின் வரவு செலவையும் தலைமை அலுவலகத்தில் ஒரே தலைப்பில் கூட்டி எழுதினால் என்ன ஆகும்? கொடைக்கானல் கிளை மூழ்கிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. மொத்தத் தொகை நன்றாகவே இருக்கும். ஆண்டறிக்கை அழகாக இருக்கும். ஒரு நாள் கிளையைப் பூட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வரும். பறவைக் கணக்கிலும் அதேதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் பல இடங்களில் வாழும் ஒரே இனம் என்று எழுதிவைத்தால், ஒரு மலையில் அது குறைவது அந்தக் கூட்டுத்தொகையில் கரைந்துபோகும்.

கூட்டியது தவறு என்று எப்படித் தெரிந்தது? மலையின் அமைப்பில் இருந்தே தொடங்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியானது இல்லை. கோவையில் இருந்து பாலக்காடு போனவர்களுக்குத் தெரியும், மலையே ஏறாமல் கேரளாவுக்குள் போய்விடலாம். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அகலம் 30 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். இன்னும் தெற்கே போனால் செங்கோட்டைக் கணவாய். அதற்கும் தெற்கே அகத்தியமலை அடங்கிய அசம்பு மலைகள். நமக்கு இவை சாலையும் ரயிலும் போக வசதியான இடைவெளிகள். ஒரு புல்வெளியைத் தாண்டவே யோசிக்கும் பறவைக்கு, வெக்கையான சமவெளி முப்பது கிலோமீட்டர் என்பது முடிவான பிரிவு. ஒவ்வொரு மலை உச்சியும் ஒரு தீவு. ஆராய்ச்சியாளர்கள் இவற்றை 'வானத் தீவுகள்' என்றுதான் அழைக்கிறார்கள்.

2005இல் பமேலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் வெளியிட்ட தெற்காசியப் பறவைகள் நூல் இரண்டையும் மறுபடி தனித்தனி இனங்களாகப் பிரித்தது. பேரினத்தையும் 'மயோமெலா' என்று மாற்றியது. இன்னொரு தலைப்பு. அதுவும் நிலைக்கவில்லை.

இதற்கிடையே, வி.வி. ராபின் என்ற ஆராய்ச்சியாளர் மலை மலையாக ஏறி இந்தப் பறவையைத் தேடிக்கொண்டிருந்தார். கேரள, தமிழ்நாட்டு மலைகளில் இதன் நிலை பற்றி 2002இலேயே அவரும் ஆர். சுகுமாரும் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பிறகு மெல்லிய வலைகளில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவது என்று வேலை தொடர்ந்தது. அந்த ரத்தத்தில் இருந்த டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு: மிக ஆழமான பிரிவு பாலக்காட்டுக் கணவாயின் இரண்டு பக்கத்துக்கும் இடையில்தான். செங்கோட்டைக் கணவாயும் இவற்றைப் பிரித்திருக்கிறது. இரண்டு பக்கப் பறவைகளும் பிரிந்து பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

2017 ஜனவரியில் ராபின், விஷ்ணுதாஸ், பூஜா குப்தா, உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட குழுவின் கட்டுரை வந்தது. அதில்தான் இறுதித் திருத்தம். இந்தப் பறவை செவ்வாலனும் இல்லை, ஜாவாவின் குட்டைச்சிறகனும் இல்லை, மயோமெலாவும் இல்லை. மரக்கிளையில் உட்கார்ந்து பறந்து பறந்து பூச்சி பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்கள்தான் இதற்கு நெருங்கிய உறவு. தரையில் வாழ்ந்து வாழ்ந்து வேறு உருவம் எடுத்துக்கொண்டது. உலகில் வேறு எங்கும் இல்லாத, இந்த மலைகளுக்கு மட்டுமே உரிய தனி வம்சம். அதனால் பழைய தலைப்புகள் எதுவும் பொருந்தாது, புதிய தலைப்பு திறக்க வேண்டும்.

திறந்தார்கள். பெயர்: 'ஷோலிகோலா'.

'ஷோலா' என்பது நம்முடைய 'சோலை'. வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் காதில் வாங்கி எழுதிக்கொண்ட சொல். 'கோலா' என்பது லத்தீனில் 'வாழ்வது'. சோலைவாசி! பொதுவழக்கில் ஆங்கிலத்திலேயே 'ஷோலாகிலி' என்ற பெயரை முன்வைத்தார்கள். இன்று பல பறவைப் பட்டியல்களில் நீலகிரி ஷோலாகிலி, வெண்வயிற்று ஷோலாகிலி என்றுதான் இருக்கிறது. அசம்பு மலைப் பறவையையும் ஷோலிகோலா அசம்புயென்சிஸ் என்று புதிய இனமாக அதே கட்டுரையில் பதிவு செய்தார்கள். அது தனி இனமா, வெண்வயிற்றுப் பறவையின் கிளையினமா என்பதில் மட்டும் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. இரண்டு ஆடிட்டர்கள் ஒத்துப்போவது எந்தக் காலத்தில் நடந்திருக்கிறது? :-)

'கிளி' எப்படி வந்தது என்று குழம்பாதீர்கள். நமக்குக் கிளி என்றால் பச்சைக்கிளி. மலையாளத்தில் சின்னப் பறவைகளுக்குப் பொதுவாகவே கிளி என்பார்கள். ஆக இந்தப் பெயரில் பாதி தமிழ், பாதி இரண்டு மொழிக்கும் பொது. மலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் ஒரு பறவையைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் விஷயத்திலும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

ஒப்புக்கொள்கிறேன், இதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ்ச் சொல் ஒன்று உலக அறிவியல் பட்டியலில் ஏறிவிட்டது என்று நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். அந்த வட்டக்கானல் அண்ணனுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சரி தம்பி. கிளி இருக்கு. சோலை எங்க இருக்கு?"

பதில் சொல்ல மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஆஸ்திரேலிய மரங்கள் வந்துவிட்டன. வாட்டில், தைலமரம், பிறகு பைன். விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, ஆலைகளின் கூழுக்கு என்று 20ஆம் நூற்றாண்டிலும் மலைகளில் நட்டுக்கொண்டே போனார்கள். சோலைகளைச் சுற்றியிருந்த புல்வெளிகள் வெறும் தரிசு என்று கருதப்பட்டன. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது. தோட்ட மரங்களும் விவசாயமும்தான் காரணம். மரம் வளர்ந்ததால் காடு வளர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வாட்டில் தோப்பு சோலை ஆகாது. சோலைகளும் பல இடங்களில் வெட்டப்பட்டுத் துண்டுதுண்டாயின.

2015இல் ராபின் குழுவினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, இந்த வானத் தீவுகளுக்குள்ளேயே மனிதர்கள் சின்னத் தீவுகளை உண்டாக்கிவிட்டதையும், சமீப காலக் காடழிப்பு இந்தப் பறவையின் மரபணுவிலேயே தடம் பதித்திருப்பதையும் காட்டியது. 2016இல் வந்த ஆய்வு அதன் பாட்டைப் பற்றியது. பழைய கணவாய்களால் பிரிந்த பறவைகளின் பாட்டு ஒரு விதத்தில் வேறுபட்டிருக்கிறது. நம் காலத்தில் காடு வெட்டப்பட்டுப் பிரிந்த பறவைகளின் பாட்டு இன்னொரு விதத்தில் வேறுபட்டிருக்கிறது. பல லட்சம் ஆண்டுகளில் இயற்கை செய்ததை நாம் சில தலைமுறைகளில் செய்துகாட்டியிருக்கிறோம்.

இங்கேதான் அந்தப் பிழைத் திருத்தத்தின் மதிப்பு தெரிகிறது. தலைப்பை மாற்றியதால் பறவைகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. ஆனால் ஒரே கணக்கு தனித்தனிக் கணக்குகள் ஆனது. ஒவ்வொரு கிளையிலும் இருப்பு எவ்வளவு சின்னது என்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்று நீலகிரிப் பறவையும் வெண்வயிற்றுப் பறவையும் அழியும் ஆபத்துள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் தனித்தனியாக இடம்பெற்றிருக்கின்றன. 'எங்கோ நிறைய இருக்கும்' என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதெல்லாம் கொடைக்கானல்காரன் கவலை, திருச்சிக்காரன் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள்.

ஒன்று, நம் தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. 1967இல் பாதிரியார் கே.எம். மாத்யூ தொடங்கியது. நானும் எத்தனையோ முறை அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன், உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரியாது. பழனி மலையின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய மூன்று பகுதிப் பெருநூல் 1999இல் வெளிவந்தது. நம் குருவியின் வீடு எந்தெந்த மரத்தால், செடியால் ஆனது என்ற சொத்துப் பட்டியல் திருச்சியில் உருவானது. ஐந்தொகையில் சொத்தை எழுதாவிட்டால் அது திருடு போனால்கூடத் தெரியாது என்பதை நாம் படித்திருக்கிறோம் அல்லவா.

இரண்டு, காவிரி. மழைநீரைப் பஞ்சு மாதிரி பிடித்துவைத்து மெதுவாக விடுவதுதான் சோலைக்கும் புல்வெளிக்கும் உள்ள பெரிய குணம். நீலகிரியின் தண்ணீர் மாயாறாகவும் பவானியாகவும் இறங்கி, பவானி கூடுதுறையில் காவிரியில் சேர்கிறது. ஆனைமலைத் தண்ணீர் அமராவதியில் வருகிறது. பழனி மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் சண்முகநதியும் குடகனாறும் அதே அமராவதியில்தான் விழுகின்றன. அமராவதி கரூர் அருகே திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. அங்கிருந்து முக்கொம்பு, அப்புறம் ஸ்ரீரங்கம். பாலக்காட்டுக் கணவாய் பல லட்சம் ஆண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பறவைகளின் வீட்டுத் தண்ணீரும் நம் ஊரைச் சுற்றித்தான் ஓடுகிறது. அந்தப் பறவைகள் ஒன்றையொன்று பார்க்கவே போவதில்லை. அவற்றின் தண்ணீர் மட்டும் இங்கே கலக்கிறது.

போன வாரம் பாட்டியைக் கூட்டிக்கொண்டு அம்மா மண்டபம் போனபோது, படியில் உட்கார்ந்து இதை அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தக் குருவிக்கு மொத்தம் எத்தனை பேருடா வெச்சாங்க?" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஃபீனிக்யூரா, கலீனி, பிராக்கிடெரிக்ஸ், மயோமெலா, ஷோலிகோலா. ஐந்து. "அஞ்சாவது பேராவது நிலைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

ஜெர்டனின் காலத்தில் அந்தப் பறவையைப் பிடித்துவந்து கொடுத்தவர் யாரோ, ஃபேர்பேங்க்குடன் மூட்டை சுமந்து காட்டுக்குள் நடந்தவர் யாரோ. ஜெர்டன், ஃபேர்பேங்க் இருவரின் பெயரிலும் இதே மலைகளில் ஒவ்வொரு சிலம்பன் பறவை இருக்கிறது, அது நியாயம்தான். மற்றவர்கள் பேசிய மொழியில் இருந்து ஒரு சொல்லாவது 2017இல் கணக்கில் ஏறியது. அதற்காக நான் இன்னும் சந்தோஷப்படுகிறேன், அண்ணன் கேட்ட கேள்வி பாக்கி இருந்தாலும்.

அடுத்த முறை கொடைக்கானல் போகிறவர்கள் ஒரு நாளாவது ஐந்தரைக்கு எழுந்திருங்கள். ஸ்பீக்கரை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கே இரண்டு வரி எழுதினால் மகிழ்ச்சி. பார்க்காவிட்டாலும் பாட்டு கேட்டதா என்று சொல்லுங்கள்.